மூடியில் ஒட்டியிருந்த நம்பர்

அந்த போன் எண்ணில் ஏழு மூன்று முறை வரும். ஒரு நாளைக்கு இருபத்தாறு பெட்டி. மாதத்துக்கு இருபத்தாறு நாள். அவர் எங்களோடு இருந்தது பதினோரு மாதம். பெருக்கிப் பார்த்தால் ஏழாயிரத்து நானூற்று முப்பத்தாறு தடவை அந்த எண் என் கண் முன்னால் வண்டியேறிப் போயிருக்கிறது. இது துல்லியமான கணக்கு அல்ல. பொங்கலுக்கு மூன்று நாள் விடுமுறை, மழைக்கு ஒரு நாள். அவற்றைக் கழிக்கவில்லை. கழிக்காமல் விட்டதும் உறுத்துகிறது.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்கவில்லை. எங்கள் சமையல்கூடத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. எதிரில் மேடம், முதுகுக்குப் பின்னால் டேப் மேடம். கையில் எப்போதும் ஒரு டேப்லட் இருக்கும் என்பதால் அந்தப் பெயர். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். குன்றத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். வந்து சேரும்போது லாரித் தூசியில் இமைகள் வெளுத்திருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதல் வேலையாக, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு எவர்சில்வர் ஸ்பூனை எடுப்பார்.

எங்கள் சமையல்கூடம் ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டுப் பக்கம் திரும்பும் சாலையில் இருக்கிறது. தகரக் கூரை, ஆறு அடுப்பு, பதினான்கு பேர். அங்கிருந்து ஒரு தொழிற்சாலையின் பகல் ஷிஃப்டுக்கு, அறுநூற்று நாற்பது பேருக்கு, மதியச் சாப்பாடு போகும். நான் வேறொரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் உட்கார முடியாமல் இங்கே வந்தேன். பெட்டிகளை எண்ணி வண்டியில் ஏற்றி அனுப்புவது என் வேலை. பெட்டி என்றால் சூடு போகாமல் வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டி. சோறு ஒன்பது, சாம்பார் ஐந்து, ரசம் மூன்று, பொரியல் மூன்று, கூட்டு இரண்டு, தயிர் சாதம் நான்கு.

எந்தப் பெட்டி எத்தனை டிகிரி சூட்டில் போனது என்று முன்பு ஒரு நோட்டில் எழுத வேண்டும். அதையும் நான்தான் எழுதினேன். ஒரே உட்காரலில் ஏழு நாளுக்கு எழுதியிருக்கிறேன், இரண்டு பேனாவை மாற்றி மாற்றி. தொழிற்சாலைக்காரர்களுக்கு அது புரிந்திருக்க வேண்டும். இனி நோட்டு வேண்டாம் என்றார்கள். ஒரு மென்பொருள் கம்பெனியின் ஏற்பாடு வந்தது. அதைக் கொண்டுவந்து வைத்தவர்தான் மேடம்.

பெட்டியை நிரப்பியதும் அதில் ஒரு இரும்பு ஊசியை இறக்க வேண்டும். ஊசி பார்த்த சூடு தானாகவே டேப்லட்டுக்குப் போய்விடும். யாரும் கையால் எழுத முடியாது. அறுபத்தைந்து டிகிரிக்கு மேல் இருந்தால் பச்சை, குறைந்தால் சிவப்பு. தயிர் சாதத்துக்குத் தலைகீழ்: பத்து டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். தொழிற்சாலை கேண்டீனில் ஒரு டிவி மாட்டியிருந்தார்கள். எந்தப் பெட்டியை யார் சமைத்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு சூடு என்பதெல்லாம் அதில் வரும். சாப்பிடுகிறவர்கள் மூடியிலுள்ள ஸ்டிக்கரைத் தங்கள் போனில் காட்டியும் பார்த்துக்கொள்ளலாம்.

டிவியைத் திறந்துவைத்த அன்று நானும் போயிருந்தேன். லைனில் வேலை செய்யும் ஒரு ஆள் தட்டோடு எழுந்து நின்று கேட்டான்.

"மேடம், பச்சை போடுது, சரி. துன்னுட்டு வயிறு கலக்கிச்சுன்னா யாராண்ட போய் கேக்கறது? இந்த டிவியாண்டயா?"

சிரிப்பு. கம்பெனியிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி ஒரு மின்னஞ்சல் முகவரியைச் சொன்னார்.

"மெயில் போட்டுட்டு அப்பால கக்கூஸுக்கு ஓடணுமா சார்?"

இன்னும் பெரிய சிரிப்பு. அதிகாரியும் சிரித்தார். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. பையிலிருந்து மார்க்கரை எடுத்து, பக்கத்திலிருந்த சாம்பார் பெட்டியின் மூடியில் பத்து இலக்கத்தை எழுதினார். "என்னைக் கேளுங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரம் அந்த எண் ஸ்டிக்கரிலேயே அச்சாகி வந்தது. கம்பெனிக்கும் அது பிடித்திருந்தது. நல்ல பெயர் வரும் என்று நினைத்திருப்பார்கள். அந்த எண்ணுக்கென்றே ஒரு சின்ன பட்டன் போன் வாங்கிக் கொடுத்தார்கள். அதன் மணிச் சத்தம் ஆறு அடுப்பின் இரைச்சலையும் தாண்டிக் கேட்கும்.

சராசரியாக ஒரு நாளைக்குப் பதினோரு அழைப்பு. பதினொன்றில் எட்டு, உப்பைப் பற்றி.

"இன்னா மேடம், இன்னிக்கு ரசம் தண்ணியா கீது?"

"லைன்ல இருங்க, மாஸ்டரைக் கேக்கறேன்." போனைக் காதிலிருந்து எடுக்காமலே அடுப்படிக்கு நடப்பார். "மாஸ்டர், ரசம் தண்ணியா இருக்குதாம்."

சமையல் மாஸ்டர் விருதுநகர்க்காரர். கரண்டியைக் கீழே வைக்கமாட்டார். "ரசம் தண்ணியாத்தாம்மா இருக்கும். கெட்டியா இருந்தா அதுக்குப் பேரு சாம்பாரு."

அதை அப்படியே போனில் சொல்வார். ஒரு எழுத்து குறைக்கமாட்டார். அந்தப் பக்கம் திட்டினால் திட்டு முழுவதையும் கேட்டுவிட்டு, "நாளைக்கு என்ன ஆச்சுன்னு கூப்பிட்டுச் சொல்றேன்" என்பார். மறுநாள் நிஜமாகவே கூப்பிடுவார். கூப்பிட்டவன் மறந்துபோயிருப்பான்.

ஒரு தடவை பொரியலில் கம்பி வந்துவிட்டது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரின் ஒரு இழை. கூப்பிட்டவன் கத்தியது எனக்கே கேட்டது. மேடம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. ஷிஃப்ட் மூன்று மணிக்கு முடியும்வரை, இரண்டு மணி நேரம் பத்து நிமிடம், கேட்டில் நின்றிருக்கிறார். அந்த ஆள் வெளியே வந்ததும் அவன் கையிலிருந்த இழையைக் காகிதத்தில் வாங்கி, "எங்க கம்பிதான்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"போன்லயே சாரி சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"அந்தப் பெட்டிக்குப் பச்சை காட்டியிருக்கு சார். என் ஊசிக்குச் சூடு மட்டும்தான் தெரியும், கம்பி தெரியாது. இத அவர்கிட்ட நேர்ல சொல்லணும்ல? இல்லாட்டி பச்சைன்னா எல்லாம் சரின்னு நினைச்சிடுவாரு."

எங்கள் மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. தெரியாததையெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தால் யார் ஆர்டர் கொடுப்பார்கள் என்றார். எனக்கும் அப்போது அது நியாயமாகப் பட்டது.

அப்புறம் அந்த ஸ்பூன். ஒவ்வொரு சமையலிலும் ஒரு சின்ன டப்பா அளவு மாதிரிக்கு எடுத்து வைப்போம். மேடம் ஸ்பூனைக் கழுவுவார், முதல் டப்பாவைத் திறப்பார், ஒரு வாய் சாப்பிடுவார், மறுபடி கழுவுவார், இரண்டாவது டப்பா. ஆறு டப்பா, ஏழு கழுவல். நின்றுகொண்டேதான். ருசித்துச் சாப்பிடுகிற முகமாக இருக்காது. மருந்து சாப்பிடுகிற முகம்.

பெட்டி நிரப்பும் செல்வி வடக்குப்பட்டுக்காரி, வாய் அதிகம். "இன்னா மேடம், ஊட்ல சோறு ஆக்கறதில்லயா? டெய்லி இங்கியே ஆவுதே."

"பச்சைன்னு போட்டிருக்கே செல்விக்கா. போட்டவ சாப்பிட வேண்டாமா?"

"எங்கூர்ல பச்சையா கீதுன்னா வேவலன்னு அர்த்தம். அதயா துன்றீங்கோ?"

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். நான் அவர் மென்று விழுங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மெல்லல்.

இங்கே என் பங்கைச் சொல்லியாக வேண்டும். ஊசியை இறக்கி, எண் ஏறி நிற்கும்வரை காத்திருந்து, எடுத்துத் துடைத்து அடுத்த பெட்டிக்குப் போக ஒன்றரை நிமிடம் ஆகும். இருபத்தாறு பெட்டிக்கு முப்பத்தொன்பது நிமிடம். இருந்தது ஒரே ஊசி. பெட்டி நிரப்புகிற செல்விதான் ஊசியும் பிடிக்க வேண்டும்; கடைசிப் பெட்டி நிரம்பி அவள் கை ஒழியும்போது மணி பத்து ஐம்பது. வண்டி பதினொன்று பத்துக்குக் கிளம்ப வேண்டும். இருபது நிமிடத்துக்குள் முப்பத்தொன்பது நிமிடம் அடங்காது. முதல் வாரம் தினமும் வண்டி தாமதம். டிரைவர் ஹாரனை அழுத்தியபடியே இருப்பான். மேனேஜர் என்னிடம் கத்தினார், நான் செல்வியிடம் கத்தினேன், செல்வி ஒரு நாள் அழுதுவிட்டாள்.

அன்றைக்கு என் டீ பிளாஸ்க் மேஜைமேல் திறந்திருந்தது. அதிலிருந்து எழுந்த ஆவியைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். சாம்பார் அடுப்பிலிருந்து நேராகப் பெட்டிக்குப் போகிறது. அது அறுபத்தைந்துக்குக் கீழே இறங்க வழியே இல்லை. இருக்கிற சூட்டை எதற்கு இருபத்தாறு தடவை பார்க்க வேண்டும்? ஊசியை பிளாஸ்கில் விடச் சொன்னேன். டேப்லட்டில் எழுபத்திரண்டு. ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிக்கொண்டே போகலாம். எல்லாம் ஒரே எண்ணாக வந்தால் சந்தேகம் வரும் என்று, ஊசியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கவும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தயிர் சாதத்துக்கு ஐஸ் போட்ட ஒரு டம்ளர். மொத்தம் ஆறு நிமிடத்தில் வேலை முடிந்தது. டிரைவர் ஹாரன் அடிப்பதை நிறுத்தினான். செல்வி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். மேடம் சமையல்கூடத்துக்கு வருவதற்கு முன்னால் பிளாஸ்கை மூடிவிடுவோம்.

இதை மோசடி என்று நான் நினைக்கவே இல்லை. சாப்பாடு சூடாகத்தான் போனது. எண்தான் வேறு இடத்திலிருந்து வந்தது.

கத்திரி வெயிலில் ஒரு நாள் காலை, குளிர் அறையின் கம்ப்ரஸர் நின்றுபோயிருந்தது. சோற்றை ஆறவைத்து, தயிரும் பாலும் பிசைந்து, வண்டி வரும்வரை தயிர் சாதத்தை அந்த அறையில்தான் வைப்போம். மாஸ்டர் ஏழு மணிக்குப் பிசைந்து உள்ளே வைத்துவிட்டார். எட்டரைக்கு நான் கதவைத் திறந்தபோது உள்ளே வெளியை விடப் புழுக்கமாக இருந்தது. என் மனைவி தயிர் சாதத்தை மத்தியானம்வரை சும்மா மேடையில்தான் வைப்பாள், ஒன்றும் ஆனதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெக்கானிக்குக்கு மட்டும் சொல்லி அனுப்பினேன்.

பத்தே முக்காலுக்கு செல்வி கேட்டாள். "சார், தயிர் சாதம் தொட்டா வெதுவெதுன்னு கீது. இன்னா பண்றது?"

"ஊசிய ஐஸ் டம்ளர்ல வை. போ."

ஐந்து சொல். நான்கு பெட்டிக்கும் பச்சை விழுந்தது. ஏழு டிகிரி, எட்டு, ஏழு, ஆறு. வண்டி பதினொன்று எட்டுக்கே கிளம்பிவிட்டது.

வழக்கமாகப் பதினொன்றுக்கு வருகிற மேடம் அன்று பதினொன்று இருபத்தைந்துக்கு வந்தார். வாலாஜாபாத் சாலையில் ஒரு டிரெய்லர் குறுக்கே நின்றுவிட்டதாம். ஸ்பூனைக் கழுவினார். சோறு, சாம்பார், ரசம், பொரியல், கூட்டு. ஆறாவது டப்பாவில் ஒரு வாய் எடுத்தவர் மெல்லவில்லை. டேப்லட்டைப் பார்த்தார். மறுபடி டப்பாவைப் பார்த்தார்.

"இதுவா எட்டு டிகிரி?"

செல்வி பெட்டித் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதில் தண்ணீரே இல்லை.

"யாரு ரீடிங் எடுத்தது?"

டேப்லட்டில் செல்வியின் பெயர்தான் இருந்தது. சொல்லிக்கொடுத்தவன் பெயர் அதில் வராது. நான் என் செருப்பைப் பார்த்தேன். இடது செருப்பில் ஒன்பது தையல்.

மேனேஜர் ஓடிவந்தார். "தயிர் சாதத்த மட்டும் நிறுத்திடலாம் மேடம். நாலு பெட்டிதானே. மத்ததெல்லாம் கொதிச்சுகினு போயிருக்கு, உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும். பார்த்ததா எழுதியிருக்கே, பார்த்தீங்களா? ஒண்ணாவது?"

அவருடைய கம்பெனி அதிகாரியும் போனில் அதையேதான் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "மொத்த லாட்டையும் சிவப்பாக்கினா நம்ம சிஸ்டம் மேல இருக்கற நம்பிக்கையே போயிடும்மா."

"அது இப்பப் போறதுதான் சார் சரி" என்று சொல்லிவிட்டு, மேடம் இருபத்தாறு பெட்டியையும் சிவப்பாக்கினார். காரணம் என்ற இடத்தில் 'அளவு பார்க்கப்படவில்லை' என்று அடித்தார். பொறுப்பு என்ற இடத்தில் செல்வியின் பெயர் தானாக வந்து நின்றது. அதை அழித்துவிட்டுத் தன் பெயரை அடித்தார். பிறகு ஊசியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "சார், மூடி திறக்க ஒரு ஆள் வேணும், ஏறுங்க" என்றார்.

அறுபத்தேழு வயதில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அந்தச் சாலையில் போனேன். இரண்டு பக்கமும் கண்டெய்னர் லாரிகள். பதினேழு லாரியை எண்ணினேன், பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். கேட்டில் நுழையவே எட்டு நிமிடம் வாதாடினார். கேண்டீன் டிவியில் மேலிருந்து கீழ்வரை சிவப்பு. ஊழியர்கள் பெட்டிகளைத் தொடாமல் தள்ளி நின்றார்கள். பன்னிரண்டு மணி பேட்ச் தட்டோடு வரிசையில் நின்றது, இருநூற்றுப் பத்து பேர். அவர்களுக்கு அரை மணிதான் இடைவேளை.

நான் மூடியைத் திறந்தேன். அவர் ஊசியை இறக்கினார், நின்றார், படித்தார், துடைத்தார். ஒன்றரை நிமிடம். அடுத்தது. வரிசையிலிருந்து குரல்கள் வந்தன.

"மேடம், பெட்டிக்கு ஊசி போடறீங்களா? காய்ச்சலா அதுக்கு?"

"சீக்கிரம் பாரும்மா, பெல் அடிச்சா சூப்பர்வைசர் எங்களுக்கு ஊசி போடுவான்."

அவர் அவசரப்படவில்லை. இருபத்திரண்டு பெட்டியும் முடிய முப்பத்துமூன்று நிமிடம் ஆனது. எல்லாம் சரியாக இருந்தன. குறைந்தபட்சமே அறுபத்தெட்டு. ஒரு பெட்டிகூடத் தப்பில்லை. தயிர் சாதம் நான்கும் முப்பத்தொன்று டிகிரி. அவை திரும்பிப் போயின. அதற்குள் முதல் பேட்ச் பிஸ்கட்டைத் தின்று டீயைக் குடித்துவிட்டு லைனுக்குத் திரும்பிவிட்டது. மூன்று மணிவரை அவர்களுக்குச் சோறு கிடையாது.

அந்த இருபத்திரண்டு பெட்டி விஷயத்தில் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. சூடான சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு இருநூற்றுப் பத்து பேரைப் பட்டினி போட்டார். சரியா? தினமும் ஒரு தடவையாவது இதைக் கேட்டுக்கொள்கிறேன். சரி என்று ஒரு நாள் தோன்றும், மறுநாள் தோன்றாது.

அதன்பின் அவர் கிளம்பிப் போயிருக்கலாம். செக்யூரிட்டி அறையின் நிழலில், கவிழ்த்துப் போட்ட ஒரு பால் கிரேட்டின்மேல் உட்கார்ந்தார். இன்னொரு கிரேட்டில் நான். போன் அடிக்க ஆரம்பித்தது.

"சோத்த கண்ணுல காட்டிட்டு மூடி வச்சீங்களே, நல்லா இருப்பீங்களா?"

"சூடு பார்க்காமலேயே பச்சை போட்டுட்டோம். அதனால மறுபடி பார்த்தோம். தப்பு எங்களோடது."

"பார்த்து இன்னா ஆச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சா! தோ பார்றா! பின்ன எதுக்கும்மா எங்கள பட்டினி போட்ட?"

இதே பதிலை நாற்பத்தோரு பேருக்குச் சொன்னார். தயிர் சாதம் கெட்டிருந்தது என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் பாதிப் பேர் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். "கெட்டுச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது, சூடு அதிகமா இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருத்தி அசிங்கமாகத் திட்டினாள். அதையும் முழுக்கக் கேட்டார்.

நாற்பத்தோராவது அழைப்புக்குப் பிறகு போன் ஓய்ந்தது. மேடம் என்னைப் பார்க்காமல் பேசினார்.

"ஊசி எத்தனை செகண்டுல படிச்சுதுன்னு எனக்கு வந்துடும் சார். இருபத்தாறு பெட்டி ஆறு நிமிஷத்துல முடியுது. ரெண்டாவது வாரமே தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"ஆமா. இன்னும் ரெண்டு ஊசி குடுங்கன்னு கேட்டேன், ஆபீஸ்ல தரலை. வெளிய சொன்னா செல்விக்காவத்தான் முதல்ல அனுப்புவாங்க. அதான், நானே ஒரு வாய் சாப்ட்டுப் பார்த்துடலாம்னு ஸ்பூன் எடுத்துட்டு வந்தேன். சாப்ட்டா மனசு சமாதானமாயிடும். நான் வராத நாள்ல யாரு சாப்ட்டது?"

வாரத்தில் இரண்டு நாள் அவர் வேறு சமையல்கூடங்களுக்குப் போவார். பதினோரு மாதத்தில் ஏறக்குறையத் தொண்ணூற்றைந்து நாள். முதல் இரண்டு வாரம் அவரிடம் ஸ்பூன் இருக்கவில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாவற்றையும் எண்ணுகிறவன், இதை எண்ணாமல் விட்டிருக்கிறேன்.

"நேரமில்ல, பார்க்கலன்னு சொல்றதுக்கு நான் டேப்ல ஒரு இடமே வைக்கல சார். பச்சை, இல்லாட்டி சிவப்பு. அவங்க பொய் சொல்றதுக்கு மட்டும்தான் வழி வச்சிருந்தேன்."

பிளாஸ்க் என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். உண்மையிலேயே திறந்தேன். நாற்பத்திரண்டாவது அழைப்பு வந்தது. அவர் எடுத்து, "சொல்லுங்க" என்றார். பிறகு மூன்று மணிச் சங்கு ஊதியது.

அந்த வாரமே அவரை எங்கள் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கம்பெனியிலிருந்தே எடுத்துவிட்டதாக டிரைவர் பின்னால் சொன்னான், உறுதியாகத் தெரியாது. பொருள்களை ஒப்படைக்க வந்தவர் டேப்லட், ஊசி, பட்டன் போன் மூன்றையும் என் மேஜைமேல் வரிசையாக வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். செல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னிடம் அவர், "போனுக்கு சார்ஜ் போட்டு வைங்க சார், கூப்பிடுவாங்க" என்றார். மேனேஜர், "ஸ்விட்ச் ஆஃப் பண்ணி உள்ள போடுங்க" என்றார்.

மேடம் இடத்துக்குப் புதிதாக ஒரு பையன் வந்தான். கெட்டிக்காரன். ஊசி அதே ஒன்று. நேரம் அதே இருபது நிமிடம். ஒரு வாரம் எல்லாப் பெட்டியையும் பார்த்தோம். எட்டாவது நாள் பிளாஸ்க் திரும்ப மேஜைக்கு வந்தது. நான் சொல்லவில்லை. செல்வியும் என்னைக் கேட்கவில்லை. பழைய ஸ்டிக்கர் மூன்று உருளை மீதம் இருந்ததால் அதையே ஒட்டினோம். போனை அணைக்க எனக்குக் கை வரவில்லை. இழுப்பறையில் சார்ஜில் கிடந்தது. அடித்தால் இழுப்பறையை இறுக்கிச் சாத்துவேன். பத்தொன்பது நாளில் நூற்று முப்பது அழைப்பு. ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

இருபதாவது நாள், மணி பத்து ஐம்பத்தைந்து. பெட்டிகள் வரிசையில் நின்றன. செல்வி டேப்லட்டில் தட்டிக்கொண்டிருந்தாள். இழுப்பறை அதிர்ந்தது. மூன்று தடவை அடித்து ஓய்ந்து, நான்காவது தடவை அடித்தபோது எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. சத்தம் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

இளம் பெண் குரல். "மேடம் இல்லீங்களா?"

"இல்லம்மா. என்ன வேணும்?"

"சார், நான் மஞ்சக் காமாலை வந்து எழுந்து இன்னிக்குதான் டூட்டிக்கு வந்துகிறேன். சூடா இருந்தா மட்டும் சாப்பிடுன்னு டாக்டர் சொல்லிகிறாரு. இந்த நம்பர்ல கேட்டா உள்ளத சொல்லுவாங்கன்னு அக்கா ஒருத்தங்க குடுத்தாங்க. சோறு, ரசம் ரெண்டும் சாப்பிடலாமா சார்?"

டேப்லட் எதிரிலேயே இருந்தது. சோறு எழுபத்தொன்று. ரசம் எழுபத்துமூன்று. பச்சை, பச்சை. படித்துச் சொல்ல இரண்டு விநாடி போதும்.

"சார்? லைன்ல கீறீங்களா?"

"பச்சை போட்டுட்டோம்மா. ஆனா பார்க்கலை."

அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"அப்ப பாருங்க சார்" என்றாள்.

கோபமே இல்லாத குரல். இது என்ன பெரிய விஷயம் என்பது போலச் சொன்னாள். நான் எழுந்து போய் பிளாஸ்கிலிருந்து ஊசியைப் பிடுங்கினேன். செல்வி, "இன்னா சார், இன்னும் ஒம்போது பெட்டி கீது" என்றாள். ஊசியைத் துடைத்தேன். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு முதல் சோற்றுப் பெட்டியின் மூடியைத் திறந்தேன். ஆவி என் மூக்குக் கண்ணாடியில் படிந்து ஒன்றும் தெரியவில்லை. நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு, ஊசியை நடுச் சோற்றில் இறக்கினேன்.

வெளியே டிரைவர் ஹாரனை அழுத்தினான். மேனேஜர் தன் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"ஐயா, மணி இன்னா ஆவுது தெரியுமா?"

நாற்பத்தாறு. ஐம்பத்திரண்டு. ஐம்பத்தெட்டு.

"எவ்ளோ சார்?" என்றாள் அந்தப் பெண்.

"இரும்மா. இன்னும் ஏறுது."